குருதியில் ஈயம், குப்பியின்மேல் இந்தி!

செங்கற்பட்டுக்கு வடக்கே, பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் அணுகி ஓடும் இடத்தில் உள்ளது சிங்கப்பெருமாள் கோவில். பல்லவர் காலக் குடைவரையால் பெயர்பெற்ற அவ்வூர், இன்று ஒரகடத்துக்கும் திருப்பெரும்புதூருக்கும் பிரிந்து செல்லும் தொழிற்சாலைப் பெருவழியின் தலைவாயிலாக நிற்கின்றது. மகிழுந்தும் சரக்குந்தும் ஈருருளியும் மின்னணுப் பொருளும் அவ்வழியில் ஆக்கப்பெற்று உலகெங்கும் செல்கின்றன. அதற்கு வடக்கே அடுத்த ஊர் மறைமலைநகர். வேதாசலம் என்ற தம் பெயரையே மறைமலை எனத் தமிழாக்கிக்கொண்டு, 1916 இல் தனித்தமிழ் இயக்கத்திற்குக் கால்கோள் செய்த பெருமகனாரின் பெயரை அவ்வூர் தாங்கியுள்ளது. அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்தாயிற்று. அப்பலகையைக் கடந்து நாள்தோறும் பணிக்குச் செல்லும் தமிழனுக்கு, அவன் மூச்சிலும் குருதியிலும் புகக்கூடிய நஞ்சின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டும் என்னும் எண்ணம் ஆள்வோர்க்கும் இல்லை; ஆலையார்க்கும் இல்லை.

சொல்லாத இடத்தில் பொய் குடியேறும். இப்பொழுது குடியேறியிருக்கும் பொய்க்கு ‘உடல் நச்சகற்றல்’ என்று பெயர். ‘டீட்டாக்சு’ என்று அதனை ஆங்கிலத்தில் சொன்னால்தான் விலை கூடும். “உன் உடலில் கனமாழைகள் (கன உலோகங்கள்) தேங்கிவிட்டன, உன் குடலில் ஈசுட்டு என்னும் நொதிப்பூஞ்சை பெருகிவிட்டது, உன் சோர்வு, மறதி, வயிற்றுப் பொருமல், தோலரிப்பு, தூக்கமின்மை அனைத்திற்கும் இவ்விரண்டே கரணியம், பணங்கட்டினால் கழுவித் தருகின்றோம்” என்று கைப்பேசி வழியாக அது கூவுகின்றது. இரவுப்பணி முடித்துப் பகலில் நான்கு மணிநேரம் புழுங்கிய அறையில் உறங்குபவனுக்குச் சோர்வும் மறதியும் வராமல் வேறென்ன வரும்? அவன் பணிநேரத்தைக் குறைக்கச் சொல்ல அந்த வணிகனுக்கு வாயில்லை. பூஞ்சை என்று ஒரு பெயரைச் சூட்டிவிட்டால் ஆலைக்கும் பழியில்லை, கடைக்கும் வருவாய்.

இவ்வணிகரின் கைச்சரக்கைச் சற்றுப் பிரித்துப் பார்த்தல் நன்று. உப்பிட்ட நீரில் காலை வைக்கச் சொல்லி மின்னோட்டம் செலுத்துவர். நீர் செம்பழுப்பாகும். “பார், உன் உடல் நஞ்சு உள்ளங்கால் வழியே இறங்குகின்றது!” என்பர். காலை வைக்காமலே அதே நீரில் அதே மின்னோட்டத்தைச் செலுத்தினாலும் நீர் அவ்வாறே பழுப்பாகும். கரைந்து துருவாவது மின்முனையிலுள்ள இரும்பு. 2012 இல் வெளியான ஆய்வொன்று இக்கருவியை முறையாகச் சோதித்து, உடலிலிருந்து நஞ்சு வெளியேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றே உரைத்தது. நாளெல்லாம் இரும்போடு புழங்கும் தொழிலாளியிடமே துருவை நஞ்சென்று விற்கும் துணிவைப் பாராட்டத்தான் வேண்டும்!

இன்னொன்று எச்சில் ஆய்வு. காலையில் எழுந்ததும் ஒரு குவளை நீரில் உமிழ்ந்து, எச்சில் நூலிழைபோல் கீழிறங்கினால் பூஞ்சை மிகுந்துள்ளது என்று கொள்ள வேண்டுமாம். எச்சிலின் கொழகொழப்பு அவன் இரவு குடித்த நீரின் அளவையும் மூக்குச்சளியையும் காட்டுமேயன்றிப் பூஞ்சையைக் காட்டாது.

மூன்றாவது, இவற்றினும் கொடிது. மாழையைப் பற்றி இழுக்கும் மருந்தை முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர்ச் சிறுநீரை எடுத்து ஆய்வர். இன்றைய உலகில் எவர் உடலிலும் சிறிதளவு ஈயமும் இதளியமும் (பாதரசமும்) உண்டு. மருந்து இழுத்தபின் சிறுநீரில் அதன் அளவு ஏறித்தான் இருக்கும். அவ்வாறு ஏறிய அளவை, மருந்தே உண்ணாதவர்க்கு வகுத்த அளவுகோலோடு ஒப்பிட்டு, சிவப்பு மையால் கோடிட்டுக் காட்டுவர். இம்முறைக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அமெரிக்க நச்சியல் மருத்துவர் கல்லூரி 2009 இலேயே அறிவித்துவிட்டது. அங்கே கழித்துப் போட்டது இங்கே புதுச்சரக்காக வந்திறங்குகின்றது.

பூஞ்சைக் கதைக்கும் அமெரிக்காவே தாய்வீடு. 1983 இல் அந்நாட்டு மருத்துவர்களான ஓரியன் டிரசு, வில்லியம் குரூக்கு ஆகிய இருவரும் தனித்தனியே எழுதிய நூல்கள், பெயர் தெரியாத பல்வேறு துன்பங்களுக்கும் ‘காண்டிடா’ என்னும் பூஞ்சையே மூலம் என்று பரப்பின. 1986 இல் அங்குள்ள ஒவ்வாமை மருத்துவர் கழகம் அக்கருத்தை ஆய்ந்து, மெய்ப்பிக்கப்படாத ஊகம் என்று ஒதுக்கிற்று. பின்வந்த வணிகர் இதனோடு கனமாழையை முடிச்சுப் போட்டனர். உடலிலுள்ள இதளியத்தைப் பிடித்துவைக்கவே பூஞ்சை பெருகுகின்றதாம். எனவே இரண்டையும் சேர்த்தே அகற்ற வேண்டுமாம். மாந்த உடலில் இதனை எவரும் மெய்ப்பித்துக் காட்டியதில்லை. ஆனால் இரண்டு மருந்தை ஒரே ஆளிடம் விற்க இதைவிடச் சிறந்த கோட்பாடு கிடைக்குமா?

காண்டிடா என்று கேட்டு மருள்பவன் தன் பாட்டியைக் கேட்டிருந்தால் தெளிந்திருப்பான். பால்குடிக் குழந்தையின் நாவில் தயிர்த்திட்டுப்போல் வெண்படலம் படிந்தால் அதற்கு ‘அக்கரம்’ என்று தமிழில் பெயருண்டு. அவ்வக்கரத்தைச் செய்வதுதான் இந்தக் காண்டிடா. நலமாயிருப்போர் பலரின் வாயிலும் குடலிலும் அது அமைதியாக வாழ்கின்றது. நீரிழிவு முற்றியவர்க்கும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை அளவின்றி விழுங்கியவர்க்கும், ஈளைநோய்க்கு ஊக்கிமருந்தை உறிஞ்சிவிட்டு வாய் கொப்புளிக்காதவர்க்கும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கும் அது மிகும். கருவுற்ற பெண்டிர்க்கும் மிகுவதுண்டு. அதற்குரிய மருந்தும் புதிதன்று. எலிசபெத்து ஏசன், இரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிவியலார் கண்ட ‘நிசுட்டாட்டின்’ 1950 முதல் உலகறிந்தது. மருத்துவமனைகளின் தீவிரப் பிரிவில் பரவி, வழக்கமான மருந்துக்கு அடங்காத ‘காண்டிடா ஆரிசு’ என்னும் கொடிய இனமும் உண்டு. 2009 இல் சப்பானில் முதன்முதல் இனங்காணப்பெற்ற அதனால் இந்திய மருத்துவமனைகளிலும் உயிர்கள் போயுள்ளன. அதனை எதிர்க்க மருத்துவமனைக்குள் கைத்தூய்மை வேண்டும். மருந்துக்கடையில் சீட்டின்றி நுண்ணுயிர்க்கொல்லி விற்பது நிற்க வேண்டும். நச்சகற்றும் வணிகன் அதைப்பற்றி ஒரு சொல்லும் பேசான். ஏனெனில் அதில் அவனுக்குக் காசில்லை.

இந்திய ஒன்றியத்தில் அகவை வந்தோருள் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பேராய்வு 2023 இல் கூறியது. அடிக்கடி அக்கரமோ அடித்தொடைப் படையோ வருபவன் முதலில் பார்க்க வேண்டியது குருதிச் சருக்கரையை. அதற்கு அரசு மருத்துவமனையில் காசு கேட்பதில்லை.

இப்பூஞ்சை ஒழிப்புக்கு ஒரு பத்தியமும் உண்டு. புளித்தது எதுவும் ஆகாதாம். மேலைநாட்டான் தன் ரொட்டியையும் சாராயத்தையும் புளிக்காடியையும் எண்ணி எழுதிய பட்டியலை அப்படியே பெயர்த்துவந்து, இட்டலியை விடு, பழஞ்சோற்றை விடு, மோரை விடு என்கின்றனர். இட்டலி மாவைப் பொங்கச் செய்வதில் பெரும்பங்கு புளிப்பு நுண்ணுயிர்களுக்கு உரியது. அந்நுண்ணுயிர்களைப் பானையிலிருந்து விரட்டச் சொல்லிவிட்டு, அவற்றின் உறவுகளையே குளிகையில் அடைத்து நூற்றுக்கணக்கான உருபாவுக்கு விற்பவர்களும் அவர்களே. பழஞ்சோறு உண்டவன் சிரிக்க மாட்டானா?

இவ்வளவும் கூறியதால், கனமாழை நஞ்சே பொய் என்று எவரும் கொள்ளற்க. அது மெய், மெய்யாக இருப்பதனால்தான் பொய்யனுக்கு அது பயன்படுகின்றது. ஈயம் குருதியில் ஏறத்தாழ ஒரு திங்கள்தான் பாதியளவு நிற்கும். எலும்பில் புகுந்துவிட்டாலோ பத்தாண்டுகள், இருபதாண்டுகள் தங்கும். காட்மியம் சிறுநீரகத்தில் அவ்வாறே தங்கும். இதளியத்தைத் தற்செயலாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே கழியும். அதன் ஆவியை மூச்சில் இழுத்தாலோ ஐந்தில் நான்கு பங்கு உடலில் நின்றுவிடும். பற்றவைப்புப் புகையிலுள்ள மாங்கனீசு நெடுநாள் புகுந்தால் கைந்நடுக்கம் தரும். மாழைப்பூச்சுத் தொட்டியிலிருந்து எழும் குரோமியத் துளி மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும். இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் புகுந்து ஒவ்வோர் உறுப்பில் உறைகின்றன. ‘எல்லா மாழையையும் ஒரே குடிநீரில் கழுவுவேன்’ என்பவன் ஒன்றைப் பற்றியும் அறியாதவன்.

பற்றியிழுக்கும் மருந்துகள் பயனற்றவை அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆக்சுபோர்டில் போர்நச்சுக்கு மாற்றாகக் காணப்பெற்றது அவற்றுள் முதலாவது. ஈயம் மிகுந்தேறிய குழந்தையை அவை காத்துள்ளன. காட்மியத்துக்கு இன்றுவரை ஒப்பமுடிந்த இழுப்பு மருந்து இல்லை. மருந்து உள்ளவற்றிலும் பெயர் மாறினால் உயிர் போகும். ‘கால்சியம்’ என்ற ஒரு சொல் முன்னால் உள்ள மருந்து ஒன்று. அச்சொல் இல்லாதது வேறொன்று. பின்னது உடலின் சுண்ணாம்புச் சத்தையே இழுத்து நெஞ்சத் துடிப்பை நிறுத்திவிடும். 2003 முதல் 2005 வரை அமெரிக்காவில் இரண்டு குழந்தைகளும் ஒரு பெண்ணும் இவ்வாறு சுண்ணச்சத்து வீழ்ந்து இறந்தனர். ஒரு சொல் பிறழ்ந்தால் என்ன என்று கேட்போர் இதனை எண்ணுக.

ஈயத்தைப் பொறுத்தவரை ஏதமற்ற அளவென்று ஒன்றில்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் முடிபு. குருதி ஒரு டெசிலிட்டரில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, அது எங்கிருந்து வருகின்றது என்று கண்டு அவ்வழியை அடைக்க வேண்டும் என்று 2021 இல் அது நெறி வகுத்தது. வழியை அடைப்பதே முதல் மருத்துவம். அடைத்துக் காட்டிய நாடும் உண்டு. மொழிக்காக 1952 இல் உயிரீந்த வங்காளியர் நாட்டில், மஞ்சளுக்கு நிறமேற்ற ஈயக்குரோமேட்டைக் கலந்து வந்தனர். 2019 இல் சந்தையில் எடுத்த மஞ்சளில் 47 விழுக்காட்டில் ஈயம் இருந்தது. அரசு மக்களுக்கு அறிவித்து, கலந்தவரைத் தண்டித்தது. 2021 இல் அவ்வளவு சுழியாயிற்று. மஞ்சள் ஆலைத் தொழிலாளரின் குருதியிலும் ஈயம் குறைந்தது. காலை நீரில் ஊறவைத்து அல்ல!

தமிழ்நாட்டில் நடந்தது என்ன? கொடைக்கானல் மலைமுகட்டில், பாம்பாற்றுச் சோலைக்கு மேலே, 1983 இல் பாண்டுசு நிறுவனம் வெப்பமானி ஆலையை நிறுவியது. அமெரிக்காவின் நியூயார்க்கு மாநிலத்து வாட்டர்டவுனில் இயங்கிய ஆலை அங்கிருந்து கிளம்பி இங்கு வந்தது. பின்னாளில் இந்துத்தான் லீவர் கைக்கு மாறியது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் பழம்பொருள் கடையொன்றில் இதளியம் தோய்ந்த கண்ணாடிச் சில்லுகள் டன் கணக்கில் கிடப்பதை ஊராரும் சூழல் இயக்கத்தாரும் கண்டு வெளிக்கொணர்ந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003 இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. கழிவு திரும்பிவிட்டது, தொழிலாளியின் சிறுநீரகமும் நரம்பும் எங்குத் திரும்பும்? பதினைந்தாண்டு போராடிய பின், 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொகை எவ்வளவு என்று ஊருக்குச் சொல்லப்படவில்லை. தொழிலாளர் நலம் தன் ஆலையால் கெடவில்லை என்பதே அந்நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆலை வேலைத்துணியோடு வீடு சென்றோம், காப்புப் பொருள் போதவில்லை என்பது தொழிலாளர் கூற்று. கொடை ஏரியின் நீரிலும் சேற்றிலும் மீனிலும் இதளியம் இருந்ததை 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. மண்ணைத் தூய்மை செய்ய ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று வகுத்த வரம்பு போதாது, கீழே காடும் ஆறும் உள்ளன என்று ஊரார் வாதிட நேர்ந்தது.

வடக்கே இராணிப்பேட்டையில், தோல் பதனிடும் தொழிலுக்குக் குரோமிய உப்பு ஆக்கிய ஆலையொன்று மூடப்பட்டு ஆண்டுகள் பல கடந்தும், இலக்கக்கணக்கான டன் குரோமியக் கழிவு குன்றுபோல் கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. 2006 இல் உலகின் மிகக் கேடுற்ற பத்து இடங்களுள் ஒன்றாக இராணிப்பேட்டை பட்டியலிடப்பட்டது. கெடுத்தவனே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியை உச்ச நயமன்றம் 1996 ஆகத்து 28 இல் நிலைநாட்டியதும் இப்பாலாற்றுத் தோலாலைகளின் வழக்கில்தான். அப்பாலாறே செங்கற்பட்டுக்குத் தெற்கே ஓடிக் கடலைச் சேர்கின்றது. சிங்கப்பெருமாள் கோவில் மக்கள் இதனை அயலூர்க் கதையென்று தள்ள இயலாது.

இனி, தமிழர் சற்றே கசப்போடு கேட்க வேண்டிய செய்தியொன்று. மேலைநாட்டு நச்சகற்றலை எள்ளிய கையோடு, “தமிழ் மருத்துவத்தில் எல்லாம் உண்டு” என்று அகத்தியர் பெயரை ஒட்டிய குப்பியைத் தேடி ஓடுவோர் பலர். சித்த மருத்துவம் தமிழரின் செல்வம், ஐயமில்லை. ஆயினும் சித்தர்கள் எதனை எவ்வாறு அழைத்தனர் என்பதை மறத்தலாகாது. இதளியத்தையும் இலிங்கத்தையும் அரிதாரத்தையும் அவர்கள் கற்கண்டு என்று கூறினாரில்லை. பிறவியில் 32, வைப்பில் 32 என 64 பாடாணங்களை வகுத்து, நஞ்சு என்று பெயரிட்டே கையாண்டனர். தூய்மை செய்யும் முறை, புடமிடும் முறை, அளவு, துணைமருந்து, பத்தியம் என்று வேலிக்குமேல் வேலி இட்டனர். அவ்வேலிகளையெல்லாம் பிடுங்கியெறிந்துவிட்டு, செந்தூரத்தை அஞ்சலில் அனுப்பும் வணிகன் சித்தர் மரபினன் அல்லன். அமெரிக்காவின் பாசுட்டனில் விற்ற ஆயுர்வேத மருந்துகள் 70 ஐ ஆய்ந்ததில் 14 இல் ஈயமோ இதளியமோ ஆர்சனிக்கோ இருந்ததென்று 2004 இல் வெளியான ஆய்வு கூறியது. ஆயுர்வேதந்தானே என்று மகிழ்வதற்கில்லை. அதே கருவியைச் சித்த மருந்தின்மேல் வைக்கும் நாளில் தலைகுனிய நேராதபடி, தமிழரே முன்வந்து அளந்து காட்டுதல் வேண்டும். தாம்பரம் சானடோரியத்தில், சிங்கப்பெருமாள் கோவில் செல்லும் அதே இருப்புப்பாதை ஓரத்தில், தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் இருக்கின்றது. கடைத்தெருவில் விற்கும் ஒவ்வொரு செந்தூரத்திலும் பற்பத்திலும் என்ன மாழை, எவ்வளவு என்று அந்நிறுவனம் அளந்து தமிழில் வெளியிட்டால் மெய்யான மருத்துவன் பிழைப்பான், போலி ஓடுவான்.

இதனினும் வெட்கத்திற்குரியது ஒன்றுண்டு. எட்டி, சேராங்கொட்டை தொடங்கி மாழை நஞ்சுகள் வரையுள்ள நச்சுப்பொருள்களைப் பட்டியலிட்டு, அவை சேர்ந்த சித்த, ஆயுர்வேத, யுனானி உள்மருந்துக் குப்பியின்மேல், மருத்துவர் மேற்பார்வையில் உண்க என்னும் எச்சரிக்கையைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்று 1945 ஆம் ஆண்டின் மருந்து விதிகளுள் 161 ஆம் விதி கட்டளையிடுகின்றது. எம்மொழியில்? ஆங்கிலத்திலும் இந்தியிலும்! தமிழன் கண்ட மருத்துவம்; தமிழில் பாடிவைத்த மருத்துவம்; தமிழ்நாட்டில் ஆக்கித் தமிழன் வாங்கி உண்ணும் மருந்து. அதில் நஞ்சுண்டு என்னும் செய்தி மட்டும் அவனுக்குத் தெரியாத இரண்டு மொழிகளில் அச்சாக வேண்டும் என்பது சட்டம்! தமிழில் அச்சிடுவதை விதி தடுக்கவில்லை, கட்டாயமாக்கவுமில்லை. செம்மொழி என்று விழா எடுத்தவர்களும், ஆட்சிமொழி என்று பலகை மாற்றியவர்களும் இந்த ஒரு வரியை மாற்றக் கோரித் தில்லியின் கதவைத் தட்டியிருக்க வேண்டாவா? உண்பவன் உயிரைக் காக்கும் நான்கு சொற்களைவிடத் தமிழுக்கு வேறெந்த இடம் முதன்மையானது?

தொழிற்சாலைக்குள் நிலை சற்று வேறு. அங்கே சட்டம் தொழிலாளி பக்கம் நின்றிருந்தது. நிற்க வைப்பார்தான் இல்லை. 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 108 ஆம் பிரிவு, ஆலையில் ஒட்டும் சட்ட அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பாலோர் அறிந்த மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. போபால் கொடுமைக்குப்பின் 1987 இல் சேர்த்த பிரிவுகள், நச்சுப்பொருளின் ஏதத்தைத் தொழிலாளிக்கும் சுற்றுவட்டத்தார்க்கும் வெளிப்படுத்த வேண்டும், அவன் உடல்நலப் பதிவேட்டை அவன் பார்க்கத் தர வேண்டும் என்றன. அச்சட்டத்தின் இடத்தில் 2020 ஆம் ஆண்டின் பணியிடக் காப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் அதிலும் ஈயநஞ்சே முதலில் நிற்கின்றது. தமிழ்நாட்டரசு அத்தொகுப்பின்கீழ் வகுக்கும் விதிகளில் மொழியுரிமை ஒரு முடியளவும் குன்றலாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2006 சூலை முதல், தன் மக்கள் வாங்கும் மின்னணுப் பொருளில் ஈயமும் இதளியமும் காட்மியமும் வரம்பு மீறக்கூடாதென்று தடுத்துவிட்டது. பொருளை வாங்குபவனின் விரலுக்குக் காப்பு உண்டு. பொருளை ஆக்குபவனின் மூச்சுக்கும் அதே கண்டிப்பு வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

ஒரகடப் பெருவழியில் இன்று தமிழர் மட்டும் இல்லை. ஒடியரும் பீகாரியரும் அதே பற்றவைப்புப் புகையைத்தான் உண்கின்றனர். எச்சரிக்கையை ஒடியனுக்கு ஒடியத்தில் எழுதுவதால் தமிழ் தேய்ந்துவிடாது. தாய்மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமையைத் தனக்குக் கேட்பவன் பிறனுக்கும் கேட்டால்தான் அவ்வுரிமைக்கு வலுவுண்டு. ஆண்டுக்கொருமுறை ஈயத்தொழிலாளியின் குருதியையும் பூச்சுத் தொழிலாளியின் மூக்கையும் பார்த்து, முடிவை அவன் மொழியில் எழுதிய தாளாக அவன் கையில் தருவது என்னும் ஒரு விதியைத் தொழிற்சங்கங்கள் அடுத்த ஒப்பந்தப் பேச்சில் ஊதிய உயர்வுக்கு அடுத்த வரியாக வைக்கலாம். அதற்குச் சட்டத்திருத்தமும் வேண்டியதில்லை. தில்லியின் இசைவும் வேண்டியதில்லை.